உள்ளூர்வாசி ஒருவர்

எங்கள் ஊருக்குப் பார்க் வரப்போகிறது என்று முதலில் கேள்விப்பட்டபோது எல்லாரும் சந்தோஷப்பட்டோம். இதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. பார்க் என்றால் எங்களுக்குத் தெரிந்தது டவுனில் இருக்கிற மாதிரி ஒன்று. நாலு ஊஞ்சல், ஒரு சறுக்கு, நடுவில் தண்ணீர் வராத நீரூற்று, வாசலில் சுண்டல் வண்டி. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காற்று வாங்கலாம். "உக்கார்றதுக்கு சிமிண்டு பெஞ்சு போடுவாகளா?" என்று என் மதினி கேட்டாள். மதினி என்றால் அண்ணனின் மனைவி. போட்டார்கள். தேக்கு மரத்தில், மெத்தை வைத்து, மேலே குடையும் நட்டுப் போட்டார்கள். அதில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. தினமும் காலையில் துடைக்கிறாள்.

இது வேறு பார்க். பெயர்ப்பலகையில் இருக்கும் நீளமான இங்கிலீஷ் பெயரை எங்கள் ஊரில் யாரும் முழுதாகச் சொல்வதில்லை, பார்க் என்பதே நின்றுவிட்டது. தெற்குக் கடற்கரையை ஒட்டிப் பனங்காடு இருந்த இடத்தில் ஓலை வேய்ந்த மாதிரித் தெரியும் குடில்கள், உள்ளே ஏ.சி., பிள்ளைகள் வழுக்கிக்கொண்டு வருவதற்கு மூன்று மாடி உயரத்தில் நீலக் குழாய், இரண்டு நீச்சல் குளம். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எதற்கு நீச்சல் குளம் என்று கேட்டு ஆரம்பத்தில் நான் சிரித்தேன். எங்கள் தெருக் குழாயில் காற்று மட்டும் வருகிற நாட்களிலும் அந்த நீலக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ராமேஸ்வரத்தில் தீர்த்தம் ஆடிவிட்டு, புண்ணியம் சேர்த்த களைப்புத் தீர இங்கே இரண்டு நாள் தங்குகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட வேண்டிய ஆள் வேறு ஒருத்தி இருக்கிறாள்.

எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். இரண்டும் ஒரே சமயத்தில் ஒழுங்காக இருந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கச்சான் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் பேயாட்டம் ஆடும், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஐப்பசியில் வாடைக் காற்று பிறந்ததும் எல்லாம் தலைகீழ். அதனால் எங்கள் ஆட்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை கடல் மாறுவார்கள். ஐப்பசியில் வள்ளங்களைப் பாம்பன் பாலத்துக்கு அடியில் ஓட்டித் தென்கரைக்குக் கொண்டுவருவார்கள். வலை, சட்டிபானை, ஓலைத்தட்டி, கோழி எல்லாம் குட்டியானை வண்டியில் ஏறித் தரைவழியாகப் போகும். பங்குனி பிறந்து காற்று திரும்பியதும் மறுபடி வடகரை.

போகும்போது தென்கரையில் ஒரு கம்பைக்கூட விட்டுவைப்பதில்லை. விட்டுவைத்தால் கச்சான் பிடுங்கி எறிந்துவிடும். ஆனாலும் அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் இடம் உண்டு. எந்த வள்ளம் எந்த இடத்தில் ஏறும் என்பது எங்கள் தாத்தாமார் காலத்திலிருந்து மாறவில்லை. அண்ணனுடைய வள்ளம் ஏறுவது மேற்கு ஓரத்தில், கல் இல்லாத நல்ல மணல் தரை. அவர் நண்டு வலைக்காரர். வருஷத்தில் அவருக்கு ஒழுங்காக நண்டு பட்டுப் பாடு கிடைப்பது தென்கடலில் தொழில் பார்க்கும் அந்த ஐந்து மாதத்தில்தான். பிள்ளைகள் படிப்பு, நல்லது கெட்டது எல்லாம் அந்த ஐந்து மாதத்தை நம்பித்தான். மற்ற மாதங்களில் கரைக்குக் காவல் ஆள் யாரும் வைப்பதில்லை. கரையை எவன் தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறான் என்ற தைரியம்தான்.

நான் கடலுக்குப் போகிற ஆள் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். தெருவுக்கு இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் என் கைக்கு வரும். தபால் வழியில் படித்த பி.காம். தான், என்றாலும் எனக்கு அதில் கர்வம் உண்டு. நாற்பது தாண்டியும் ஊரில் என்னைப் 'படிச்ச புள்ள' என்பார்கள். அந்தப் பெயர் என்னைக் கெடுத்த அளவுக்கு வேறு எதுவும் கெடுக்கவில்லை.

ஓர் ஆனி மாதத்தில் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் கடைக்கு வந்தார்கள். தலையில் தொப்பி, கழுத்தில் அட்டை, பார்க்குக்காக இடத்தைக் கணக்கெடுக்க வந்தவர்கள். வரைபடம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்தார்கள். அதில் எங்கள் ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியிருந்ததை நான் சும்மா இருக்காமல் சுட்டிக்காட்டினேன். இங்கிலீஷில் சுட்டிக்காட்டினேன். அவர்களில் மூத்தவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்து, "மேடம், ஒரு அரை மணி நேரம் எங்ககூட வந்து இடத்தைக் காட்ட முடியுமா?" என்றார். அதுவரை என்னை மேடம் என்று கூப்பிட்டது செல்போன் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். கடையைப் பூட்டிவிட்டுக் காரில் ஏறினேன்.

தென்கரையில் இறங்கியபோது கச்சான் மணலை வாரி முகத்தில் அடித்தது. அலை ஆள் உயரத்துக்கு வந்துகொண்டிருந்தது. கரை நெடுக ஒரு குஞ்சு குருமான் இல்லை. அந்தப் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சோழி பொறுக்கப் போனாள். பெரியவர் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"இங்க யாரும் வர்றதில்லையா மேடம்?"

"இப்ப யாரும் வர்றதில்ல சார். கச்சான்ல. கரை சும்மாத்தான் கெடக்கு."

அவர் தலையாட்டிக்கொண்டு எதையோ தட்டினார். அவ்வளவுதான் நடந்தது. திரும்பும் வழியில் காரை நிறுத்தி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள். பார்க் வந்தால் இங்கிலீஷ் தெரிந்த உள்ளூர் ஆள் முன் ஆபீசில் வரவேற்புக்கு வேண்டியிருக்கும், உங்களை மாதிரி ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் பெரியவர். நான் வீட்டுக்கு வந்து அண்ணனிடமும் மதினியிடமும் கார் எவ்வளவு ஜில்லென்று இருந்தது, என்னை எத்தனை தடவை மேடம் என்றார்கள், இளநீரைக் குழாய் போட்டுக் குடித்தேன் என்றெல்லாம் அளந்தேன். மதினி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் வலையில் சிக்கெடுத்தபடி, "என்ன கேட்டாக?" என்றார். "சும்மா இடத்தப் பாத்தாக" என்றேன்.

இந்தச் 'சும்மா'வைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் சும்மா கிடப்பது என்றால் ஓய்ந்து கிடப்பது. மழைக்காலத்தில் உப்பளம் சும்மா கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை வலை சும்மா கிடக்கும். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் சும்மா கிடப்பாள், அதற்காக அவளுக்குப் புருஷன் இல்லை என்று எவனாவது எழுதுவானா? கச்சான் என்று சொன்னேனே, அந்த ஒரு வார்த்தையில் ஐப்பசியும் வாடையும் கடல் மாறுவதும் எல்லாம் அடங்கிவிட்டதாக நான் நினைத்தேன். கச்சான் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அது விளக்க வேண்டிய சொல் என்று எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். ஒரு கல்யாண மண்டபம், மேடையில் அதிகாரிகள், கீழே நாங்கள், வாசலில் ஆளுக்கொரு டிபன் பொட்டலம். பனங்காட்டை விற்றவர்கள் உள்நாட்டு ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். நன்றாகப் பேசினார்கள். பனை ஏற ஆள் கிடைப்பதில்லை, மழையும் இல்லை, பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், உள்ளூரில் நாலு பேருக்கு வேலை வந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களிலும் பாதிப் பேர் அதே ஆசையோடுதான் வந்திருந்தார்கள். மதினி எழுந்து, பொம்பளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு பெண் மைக்கில், பார்க்குக்காகத் தயாரித்த அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வாசித்தாள். ஆமை, பவளப்பாறை, வேலைவாய்ப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. பாதிப் பேர் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அப்போதுதான் அந்த வரி வந்தது. "மேற்படி கடற்கரைப் பகுதி எவ்வித மீன்பிடிப் பயன்பாடும் இன்றி உள்ளது. இதனை உள்ளூர்வாசி ஒருவரும் நேரில் உறுதிப்படுத்தியுள்ளார்."

எனக்கு முதலில் அது வேறு யாரையோ பற்றியது மாதிரிதான் கேட்டது. எந்தத் துரோகி என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடியில் வாய்க்குள் அந்த இளநீர் கசந்தது.

அண்ணன் எழுந்துவிட்டார். அவர் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. சர்ச் பூசையில் வாசகம் வாசிக்கச் சொன்னால்கூட ஒளிந்துகொள்வார். "ஐயா, ஐப்பசியில வந்து பாருங்க, அந்தக் கரையில நிக்க எடம் இருக்காது. யாருய்யா அந்த உள்ளூர்வாசி?" என்றார்.

"பேரெல்லாம் போட மாட்டாங்க. கணக்கெடுப்புல அப்படித்தான் எழுதுவாங்க" என்றார் மேடையில் இருந்தவர்.

அண்ணன் மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "யாரு சொன்னது? இங்கன இருந்தா எந்திரிச்சுச் சொல்லட்டும். ஒண்ணும் செய்ய மாட்டோம்."

நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து, 'நான்தான், நான் சொன்னது ஆனி மாசத்தை, ஐப்பசியை இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாலு மூச்சு. அதைத் தமிழிலும் சொல்லியிருக்கலாம், இங்கிலீஷிலும் சொல்லியிருக்கலாம். மண்டபத்தில் இரண்டையும் சொல்லத் தெரிந்த எங்கள் ஆள் நான் ஒருத்திதான். மடியில் இருந்த நோட்டீசைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்குப் பயந்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த முன் ஆபீஸ் வேலை. என்ன சேலை உடுத்தலாம் என்பது வரைக்கும் அதை மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தேன். அண்ணன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு மனு போட ஆரம்பித்தோம். மனுக்களை அடித்தது யார்? நான்தான். 'ஐயா, வணக்கம். நாங்கள் தலைமுறை தலைமுறையாக' என்று ஆரம்பித்து எட்டு மனு அடித்தேன். ஒவ்வொன்றையும் அடித்து முடித்ததும் அண்ணன் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "முழுசா வாசி தாயி" என்பார். வாசிப்பேன். கடைசி வரி வரைக்கும் கேட்பார். "அம்புட்டுத்தானா?" என்பார். "அம்புட்டுத்தான்ணே" என்பேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எல்லா மனுவுக்கும் ஒரே பதில்தான் வந்தது: கணக்கெடுப்பின்போது உள்ளூர்வாசியே உறுதிப்படுத்தியுள்ளதால் மறுபரிசீலனைக்கு முகாந்திரம் இல்லை. அந்தப் பதிலையும் நான்தான் எல்லாருக்கும் வாசித்துச் சொன்னேன்.

எங்கள் பங்குச் சாமியார் ஒருநாள் கடைக்கு வந்தார். ஒரு வக்கீலிடம் கேட்டாராம். அந்த உள்ளூர்வாசி மட்டும் கிடைத்தால் போதும், 'நான் சொன்னதைத் தவறாக எழுதிவிட்டார்கள்' என்று எழுதி வாங்கினால் கணக்கெடுப்பையே மறுபடி எடுக்கச் சொல்லலாம் என்றாராம். "யாரா இருக்கும்? உன் கடைக்கு எல்லாரும் வர்றாங்களே, காதுல ஏதாவது விழுந்தா சொல்லும்மா" என்றார். சரி சாமி என்றேன். அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் அவர் முன்னால் முழங்காலில் நின்று, கோபப்பட்டேன், புறணி பேசினேன், பூசைக்குப் பிந்திப் போனேன் என்று வழக்கமான பாவங்களை ஒப்பித்துவிட்டு வந்தேன். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பார்க் எழும்பியது. முன் ஆபீஸ் வேலைக்கு நான் எழுதிப் போட்டதற்குப் பதிலே வரவில்லை. அங்கே கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி நிற்கிறாள். நல்ல பெண், என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எனக்குக் கூலிகூடக் கிடைக்கவில்லை.

கரைக்கு யாரும் வரக்கூடாது என்று பார்க்கில் எழுதிப் போடவில்லை. அவர்கள் அப்படியெல்லாம் முரட்டுத்தனமாக நடக்கிற ஆட்கள் இல்லை. கடற்கரை எல்லாருக்கும் பொது, கரைக்குப் போகிற பாதை மட்டும் அவர்கள் இடத்தில் இருக்கிறது. கடல் வழியாக வரலாம் என்றால், மேற்கு ஓரத்தில் விருந்தாளிகள் குளிப்பதற்குச் சிவப்பு மிதவை கட்டியிருக்கிறார்கள். முதல் ஐப்பசியில் அண்ணனும் இன்னும் சிலரும் வள்ளங்களை அங்கேயே கொண்டுபோய் ஏற்றினார்கள். காவலாளிகள் வந்து கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். அவர்களும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். மாற்று இடம் ஒன்று ஒதுக்கியிருப்பதாகக் கிழக்கே காட்டினார்கள். அங்கே கரையோரம் முழுக்கக் கல் பார், தண்ணீருக்கு அடியில் பாறைத் திட்டு. கடலையே பார்க்காதவன்தான் அந்த இடத்தில் வள்ளம் ஏறும் என்று சொல்லுவான். அண்ணன் ஒரு பருவம் பார்த்தார். தை மாதம் அடிப்பலகை கிழிந்தது. அடுத்த ஐப்பசியில் அவர் கடல் மாறவில்லை. வாடை முழுக்க வடகரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, வீட்டில் செல்போனில் காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினிக்குப் பார்க்கில் வேலை கிடைத்தது. பெஞ்சு துடைப்பதும், கரையில் ஒதுங்கும் தாழையை வாரிக் கொட்டுவதும். கடலுக்கடியில் புல் மாதிரி வளருமே, அந்தத் தாழை. அதில்தான் நண்டு குஞ்சு பொரிக்கும், அது நிறைய ஒதுங்கினால் அந்த வருஷம் கடல் நன்றாக இருக்கிறது என்று அண்ணன் சந்தோஷப்படுவார். விருந்தாளிகளுக்கு அது குப்பை. அவர்கள் எழுந்து வருவதற்குள் ஒரு இழை இல்லாமல் வாரிவிட வேண்டும். "நல்லாத்தேன் இருக்கு வேலை. யூனிபாரம் குடுக்காக, மத்தியானம் சோறு" என்கிறாள் மதினி. அவளுக்கு என்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை. தெரியாதே.

பிறகு அண்ணனையும் கூப்பிட்டார்கள். வாடை மாதங்களில் கூட்டம் அதிகம். விருந்தாளிகளுக்கு மீனவர் வாழ்க்கையைக் காட்ட வேண்டுமாம். தினமும் காலையில் கரைவலை இழுக்கிற நிகழ்ச்சி. கரைவலை இழுப்பது வேறு ஆட்கள், வேறு ஊர். அண்ணன் பிறந்ததிலிருந்து நண்டு வலை போடுகிறவர். அதை மேனேஜரிடம் சொன்னாராம். "அதெல்லாம் கெஸ்டுக்குத் தெரியாது அண்ணே" என்றாராம் அவர். முதல் வாரம் வலையில் ஒன்றும் விழவில்லை. விருந்தாளிகள் முகம் வாடிவிட்டது. அதிலிருந்து துறைமுகத்தில் மீன் வாங்கி முன்கூட்டியே வலையின் பை மாதிரியான மடியில் கட்டி இறக்கிவிடுகிறார்கள். ஐஸில் வைத்த சீலா, கண்ணெல்லாம் வெளுத்துப்போனது. அதைக் கடலுக்குள் ஒரு சுற்றுக் கொண்டுபோய் இழுத்து வருவார்கள். விருந்தாளிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏலேலோ போடச் சொல்வார்கள். அண்ணன் போடுவார். வீட்டில் சாமிப் பாட்டுக்குக்கூட வாய் திறக்காத மனுஷன்.

ஒருநாள் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள், பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று. திரும்பும்போது பார்த்தேன். மேற்கு ஓரம், அண்ணன் வள்ளம் ஏறின அதே மணல். நீல டீ சர்ட்டில் அண்ணன், முதுகில் பார்க்கின் பெயர். சின்னப் பெண் ஒருத்தி செத்த மீனைத் தூக்கி, "அங்கிள், இது இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டாள். "இப்பத்தான் செத்துச்சு பாப்பா" என்றார் அண்ணன். அவள் அப்பா போட்டோ எடுத்தார். நான் வேலி ஓரமாக நடந்து, அவர் கண்ணில் படாமல் வெளியே வந்துவிட்டேன்.

போன ஐப்பசியில் அண்ணன் கடைக்கு வந்தார். மத்தியானம், கடையில் வேறு ஆள் இல்லை. பார்க்கில் வருஷா வருஷம் போடுகிற ஒப்பந்தக் காகிதம் கையில் இருந்தது. எப்போதும் ஒரு பக்கம்தான். இந்தத் தடவை இரண்டு பக்கம். "இது என்னன்னு வாசி தாயி. முழுசா" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதல் பக்கம் பழையதுதான். இரண்டாம் பக்கத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள். எனக்குள்ளேயே வாசித்துப் பார்த்தேன், மறுபடி வாசித்துப் பார்த்தேன். அண்ணன் காத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தக் கரையில நீங்களோ நம்ம குடும்பமோ எப்பவும் தொழில் பாத்ததே இல்லன்னு எழுதியிருக்காக. இனிமே அப்பிடிக் கேக்கவும் மாட்டேன்னு நீங்க ஒத்துக்கணுமாம்."

"ம்."

இத்தனை வருஷமாக எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அழுதுகொண்டே சொல்வேன், காலில் விழுவேன் என்றெல்லாம். எதுவும் நடக்கவில்லை. ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அந்த உள்ளூர்வாசி நாந்தாண்ணே."

"தெரியும்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்பிடி?"

"நீதான வந்து சொன்ன. கார்ல போனேன், எளநி குடிச்சேன்னு. அன்னைக்கு அந்தக் கார்ல நம்மாளுக வேற யாரு போனா?"

"பெறகு எதுக்கு மண்டபத்துல யாரு யாருன்னு கேட்டீக?"

"ஒன்னையத்தான் கேட்டேன்." அவர் காகிதத்தை மடித்து, மறுபடி பிரித்தார். "ஒண்ணும் செய்ய மாட்டோம்னுகூடச் சொன்னேன். நீ எந்திரிப்பன்னு பாத்தேன். எட்டு மனு அடிச்ச. ஒவ்வொண்ணையும் வாசி வாசின்னு சொல்லிக் கேட்டேனே, எதுக்குன்னு நெனச்ச? இதுலயாச்சும் எழுதியிருப்பா, இதுலயாச்சும் எழுதியிருப்பான்னுதான்."

அவர் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஊர்க்கூட்டத்தில் ஒரு வார்த்தை, சாமியாரிடம் ஒரு வார்த்தை. கரை அவருக்குத் திரும்பியிருக்குமோ என்னவோ, முயற்சியாவது நடந்திருக்கும். தங்கச்சியைக் காட்டிக்கொடுக்காமல், அவளாக எழுந்து நிற்கட்டும் என்று அந்த மனுஷன் இத்தனை வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் 'அம்புட்டுத்தான்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

"இப்ப எழுதித் தாரேண்ணே. சாமியார்ட்ட போவோம். வக்கீல்ட்ட போவோம்" என்றேன்.

"சாமியாரு மாறிப் போய் ரெண்டு வருசமாச்சு" என்றார். "எங்கன போடணும் கையெழுத்து?"

"போடாதீங்கண்ணே."

"போடாம? வாடை பொறந்துருச்சு. கடைசிப் புள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பு இருக்கு. இங்கனயா?"

இங்கே என்று விரல் வைத்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளி, கீழே இன்னும் ஒரு கோடு இருக்கிறதே, அது என்ன என்று கேட்டார்.

சாட்சிக் கையெழுத்து. சாட்சி உள்ளூர்வாசியாக இருக்க வேண்டும், பெயரையும் முகவரியையும் முழுதாக, தெளிவாக எழுத வேண்டும் என்று போட்டிருந்தது.

எழுதினேன்.